வாசலில் கிடந்த செருப்பு

"தாத்தா, தண்ணி ஏன் செருப்பைக் கழட்டாம எங்க வீட்டுக்குள்ள வந்துச்சு?"

வெள்ளம் வடியத் தொடங்கியிருந்த டிசம்பர் மாதக் கடைசியில், கிள்ளானில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில், தியாஷினி என்ற சிறுமி ரபேலிடம் இப்படிக் கேட்டாள். வீடு மூழ்கிப்போன குடும்பங்களை அங்கேதான் தங்க வைத்திருந்தார்கள். ரபேல் குனிந்து குனிந்து சோற்றுப் பொட்டலங்களைக் கொடுத்துக்கொண்டு வந்தார். தன்னைத் தாத்தா என்று யாரும் கூப்பிட்டு அவர் கேட்டதில்லை. அதிலேயே கொஞ்சம் தடுமாறினார். கேள்வி அவரை இன்னும் தடுமாற வைத்தது.

பிள்ளையின் தாய் வாணி பாயில் உட்கார்ந்திருந்தாள். "சும்மா இருடி" என்று மகளை அதட்டிவிட்டு, "நான் தெனமும் இவளைத் திட்டுவேன் அங்கிள், செருப்போட உள்ள வராதேன்னு. அதான் கேக்குறா" என்றாள். சொல்லும்போதே சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை.

"தண்ணிக்கு அம்மா இல்லம்மா, சொல்லிக் கொடுக்க" என்றார் ரபேல்.

தியாஷினி கொஞ்ச நேரம் யோசித்தாள். "அப்ப நீங்க திட்டுங்க" என்றாள்.

ரபேல் அடுத்த பொட்டலத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டார்.

ரபேல் தலைநகரில் உள்ள பிரிக்பீல்ட்ஸ்காரர். அப்பாவைப் போலவே அவரும் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் பூசைக்குப் போவார். கோயில் வேன் ஓட்ட ஆள் இல்லையென்றால் சாவியை வாங்கிக்கொள்வார். வெள்ளச் செய்தி வந்த அன்று சாவியை வாங்கியவர் இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை. முதலில் கோயில்காரர்கள் பலரும் அவரோடு சேர்ந்து சோறு கொண்டுபோனார்கள். தண்ணீர் வடிந்த பிறகு, கிள்ளான் ஆற்றோரத்துக் குடியிருப்பான தாமான் ஸ்ரீ மெலூருக்குச் சேறு கழுவப் போனார்கள். ஒவ்வொரு வார இறுதியிலும் போனார்கள்.

அந்தத் தாமானில் அவர்கள் கழுவிய முதல் வீடு வாணியின் வீடு. நாள் முழுக்க வாரி, தள்ளி, பீய்ச்சி, துடைத்து முடித்தபோது வாணி குழந்தையோடு வந்து நிலைப்படியில் நின்றாள். உள்ளே ஒரு சாமானும் இல்லை. வெறும் ஈரத் தரைதான். ஆனாலும் அவள் தன்னையறியாமல் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு, வலது காலை எடுத்து உள்ளே வைத்தாள். தியாஷினியும் தன் குட்டிச் செருப்பைக் கழற்றி, அம்மாவின் செருப்பை ஒட்டி வைத்தாள். வெளியே சேற்றில் நின்றிருந்த ரபேலுக்கு அப்போதுதான் தோன்றியது, இனி இது வீடு என்று. அதுவரை அது வெறும் சுவர்தான்.

அன்று முதல் அவருடைய குழுவில் அதுவே கணக்காகிவிட்டது. எந்த வீட்டிலும் வேலை முடிந்ததா என்று யாரும் கேட்பதில்லை. "செருப்பு கழட்டியாச்சா?" என்றுதான் கேட்பார்கள். வாசலில் செருப்பு கிடந்தால் அந்த வீடு ஆயிற்று. அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

இப்போது ஜனவரி முடியப் போகிறது. முதல் வாரத்தில் வேன் போதாமல் பின்னால் கார்கள் வந்தன. புத்தாண்டு வந்தது, பொங்கல் வந்தது, பள்ளிக்கூடம் திறந்தது, ஒவ்வொருவராகக் குறைந்தார்கள். யாரையும் குறை சொல்ல முடியாது. அவரவருக்கு வேலை, பிள்ளை, முதுகு. கடைசியில் பிரிக்பீல்ட்ஸிலிருந்து போகிறவர்கள் இரண்டே பேர்: ரபேலும், அவர் அண்ணன் மகள் ஷார்மைனும். கிள்ளான் பக்கத்திலிருந்து ரெங்கசாமி என்ற லோரிக்காரர் குப்பை ஏற்ற வருவார்.

அந்தச் சனிக்கிழமை காலை வேனை ஷார்மைன் ஓட்டினாள். ரபேல் முதுகுக்குப் பட்டை கட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். வேன் முழுக்கத் தைல வாசனை. பின்னால், சேற்றைப் பீய்ச்சிக் கழுவும் வாட்டர் ஜெட் பம்ப் ஆடி ஆடிச் சத்தம் போட்டது.

"அங்கிள், பம்ப்பை இன்னிக்கே கொடுத்துடணும், தெரியும்தானே? பழனியப்பன் அங்கிள் நேத்து ராத்திரி ரெண்டு வாட்டி கால் பண்ணிட்டாரு."

"தெரியும்மா."

பழனியப்பன் பிரிக்பீல்ட்ஸில் பூக்கடை வைத்திருப்பவர். வருடா வருடம் தைப்பூசத்துக்குப் பத்துமலையில் தண்ணீர்ப் பந்தல் போடுகிறவர். பந்தல் போடும் இடத்தைக் கழுவ வைத்திருந்த பம்ப்பைத்தான், கேட்டவுடன், எவ்வளவு நாள் என்றுகூடக் கேட்காமல் தூக்கிக் கொடுத்தார். இப்போது தைப்பூசம் வந்துவிட்டது. சாயங்காலத்துக்குள் பம்ப் அவர் கடை வாசலில் இருக்க வேண்டும்.

பம்ப் போய்விட்டால் வேலை இல்லை. வேலை இல்லையென்றால் வர வேண்டியதில்லை. இதை நினைத்தபோது ரபேலுக்குள் ஏதோ ஒன்று இளகியது. அது நிம்மதி என்று தெரிந்ததும் வெட்கமாக இருந்தது. கண்ணாடியில் தொங்கிய ஜெபமாலையைப் பார்க்காமல் வெளியே பார்த்தார். காலையில் புறப்படும்போது மனைவி செசிலியா, "இன்னியோட போதும்தானே?" என்று கேட்டாள். "போதும்" என்று அவரும் சொல்லியிருந்தார். நாற்பது வருடம் கூட வாழ்ந்தவளுக்கு அந்தச் சொல்லில் எவ்வளவு களைப்பு இருந்தது என்று தெரியும். அதனால் மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல் தண்ணீர்ப் போத்தலை எடுத்துக் கொடுத்தாள்.

"அழுவுறீங்களா அங்கிள்?"

"தைலம் கண்ணுல பட்டுருச்சு. ரோட்டைப் பாரு."

தாமான் முனையில் மாரியாயி காத்திருந்தாள். ஐம்பதைக் கடந்தவள், பள்ளிக்கூடக் கேண்டீனில் வேலை செய்பவள். கணவர் இறந்து பல வருடமாயிற்று, பிள்ளைகள் இல்லை. இந்தத் தாமானில் யார் வீட்டில் படுக்கையோடு கிடக்கிறவர் இருக்கிறார், யார் வீட்டில் கைக்குழந்தை, எந்த வீட்டுக்காரர் கேட்கக் கூச்சப்படுவார் என்பதெல்லாம் அவளுக்குத்தான் தெரியும். முதல் நாளிலிருந்து அவள்தான் முன்னால் நடந்து, "அடுத்து இந்த வீடு, அப்புறம் அந்த வீடு" என்று கூட்டிப்போனாள். கையில் எப்போதும் பெரிய அலுமினியக் கெண்டியில் டீ இருக்கும்.

"என்னாண்ணே, நடையே சரியில்லையே. கல்யாண வீட்ல தோரணம் கட்டுன வாழ மரம் மறுநாள் நிக்கிற மாதிரி நிக்கிறீங்க" என்றாள்.

"வாழ மரத்துக்காவது மறுநாள் ஓய்வு கெடைக்கும்" என்றார் ரபேல்.

ரெங்கசாமி லோரியிலிருந்து இறங்கும்போதே, "பாஸ், நீங்க ஒக்காந்து சூப்பர்வைஸ் மட்டும் பண்ணுங்க லா. ஒங்களத் தூக்கி லோரியில ஏத்துற நெலம வந்துச்சுன்னா எனக்குத்தான் வேல" என்றார்.

அன்று கழுவ வேண்டியது கடைசி வரிசையில் ஒரு வீடு மட்டும். மாரியாயியின் கணக்குப்படி அதோடு தாமான் முடிந்தது. அந்த வீட்டுக்காரர் ஒரு வயதான தையல்காரர். மருமகன் வீட்டில் இருந்துவிட்டு அந்த வாரம்தான் திரும்பியிருந்தார். சேறு காய்ந்து தரையோடு தரையாக ஒட்டிக் கிடந்தது. ரபேல் சூப்பர்வைஸ் பண்ணவில்லை. பம்ப்பைப் பிடித்தார். ஷார்மைன் சுரண்ட, ரெங்கசாமி வாரிக் கொட்ட, உச்சி வெயில் ஏறுவதற்குள் தரை தெரிந்தது. தையல்காரர் வாசலில் நின்று கொஞ்ச நேரம் தயங்கினார். பிறகு செருப்பைக் கழற்றினார்.

"கழட்டியாச்சு!" என்று ஷார்மைன் தெருவுக்கே கேட்கும்படி கத்தினாள். கத்திவிட்டு அங்கேயே கால்வாய்த் திட்டில் உட்கார்ந்துவிட்டாள். யாரும் கை தட்டவில்லை. கை தூக்கக்கூட யாருக்கும் தெம்பு இல்லை.

மாரியாயி, "இருங்க, டீ போட்டுக் கொண்டு வரேன்" என்று எதிர் வரிசையில் இருந்த தன் வீட்டுக்குப் போனாள்.

ரபேல் கால்வாய் ஓரம் நின்று கையைக் கழுவியபடி, எதையும் நினைக்காமல், அவள் போவதையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் வீட்டு வாசலில் ஒரு ஜோடி பச்சை நிறச் செருப்பு கிடந்தது. முதல் வாரத்திலிருந்தே அது அங்கே கிடக்கிறது. அதைப் பார்த்துத்தான் எல்லோரும் அவள் வீடு ஆயிற்று என்று எண்ணிக்கொண்டார்கள். "ஒன் வீடு?" என்று ரபேலே ஒரு தடவை கேட்டபோது, "அதெல்லாம் மொதல்லயே ஆச்சுண்ணே, செருப்பு கெடக்குது பாருங்க" என்று கைகாட்டினாள். பிறகு அவர் கேட்கவில்லை.

இப்போது மாரியாயி அந்தப் பச்சைச் செருப்பைத் தாண்டிக்கொண்டு, காலில் போட்டிருந்த செருப்போடு, அப்படியே வீட்டுக்குள் போனாள்.

ரபேல் கை கழுவுவதை நிறுத்தினார்.

மெல்ல நடந்து எதிர் வரிசைக்குப் போய், வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தார். பச்சைச் செருப்பின் வாரில் சிலந்தி வலை கட்டியிருந்தது. ஒரு குதிகாலில் மழைத்தண்ணீர் தேங்கிக் காய்ந்த வளையம் தெரிந்தது. அந்தச் செருப்பை வைத்த நாளிலிருந்து யாரும் அதை நகர்த்தியிருக்கவில்லை. கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே தரை சாம்பல் நிறத்தில் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது.

அவர் உடனே திரும்பி நடந்துவிட்டார். அவள் பார்த்துவிடக் கூடாது.

ஒற்றை ஆள். ஆட்கள் வாரத்துக்கு வாரம் குறைந்துகொண்டு வந்தார்கள். அவளுக்கு அடுத்த வீட்டில் குழந்தை, அதற்கடுத்த வீட்டில் நோயாளி. தன் வீட்டை வரிசையிலிருந்து எடுத்துவிட அவளுக்கு ஒரே வழிதான் இருந்தது. அவர்கள் எதைப் பார்த்து நம்புவார்களோ, அதை வாசலில் வைத்துவிட்டாள்.

ரபேலுக்கு முதுகு வலித்தது. சாயங்காலம் பம்ப் போய்விடும். "போதும்" என்று செசிலியாவிடம் சொல்லியும் ஆயிற்று. தெரியாதது போலப் போய்விட்டால் யாரும் குற்றம் சொல்லப் போவதில்லை. அவளே அதைத்தான் விரும்பினாள். உண்மையைச் சொன்னால், ஒரு கணம் அவர் போய்விடத்தான் நினைத்தார்.

ஆனால் அவருக்கு அவளிடம் ஒரு கடன் இருந்தது.

இரண்டாவது வாரத்தில் நடந்தது அது. ஒரு வீட்டைக் கழுவி முடித்த நேரம், அவர் தூக்கிவந்த சேற்று வாளியின் பிடி அறுந்து, அவ்வளவும் சுத்தமான தரையில் கொட்டியது. பெரிய விஷயம் இல்லை. மறுபடியும் கழுவினால் போயிற்று. ஆனால் ரபேல் வெளியே போய், லோரிக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து அழுதார். எதற்கு என்று அவருக்கே தெரியவில்லை. தேம்பித் தேம்பி, சத்தத்தைக் கையால் பொத்திக்கொண்டு அழுதார். அந்த நேரம் நனைந்த கம்பளி ஒன்றைக் காயப்போட எடுத்துக்கொண்டு மாரியாயி லோரியைச் சுற்றி வந்தாள். பார்த்தாள். கம்பளியை விரித்து, லோரியின் ஓரத்திலிருந்து பக்கத்து வேலிவரை திரைபோலப் போட்டாள். அந்தத் திரைக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டாள்.

"பாஸ் எங்கக்கா?" என்று ரெங்கசாமியின் குரல் வந்தது.

"தெரியல. இந்தப் பக்கம் வராதீங்க, ஒடஞ்ச கண்ணாடி கெடக்கு."

கொஞ்ச நேரம் கழித்துக் கம்பளிக்கு அடியில் ஒரு கை மட்டும் நீண்டது. ஒரு குவளை டீயைத் தரையில் வைத்துவிட்டுப் போய்விட்டது. அதைப் பற்றி அவள் அன்றும் பேசவில்லை, பிறகும் பேசவில்லை, ஒரு பார்வையால்கூட நினைவுபடுத்தவில்லை. எழுந்துபோன ரபேல் அந்த வீட்டை மறுபடி கழுவினார். அந்தக் குவளை டீயில்தான் மற்ற வாரங்கள் எல்லாம் ஓடின. அது அவருக்கும் கடவுளுக்கும் மட்டும் தெரியும்.

நேரே போய், "ஒன் வீட்டைக் கழுவித் தரேன்" என்று சொல்லியிருக்கலாம். அவள் ஒத்துக்கொள்ள மாட்டாள். ஒத்துக்கொண்டாலும், இத்தனை வாரமாக அவள் மறைத்ததை எல்லோர் முன்னாலும் போட்டு உடைத்ததாகும். அவருடைய கண்ணீரைக் கம்பளி போட்டு மூடியவளுக்குச் செய்கிற கைம்மாறு அப்படியா இருக்கும்?

மாரியாயி டீயோடு வந்தாள். குடித்தார்கள். ஷார்மைன், "இன்னிக்குக் கடைசி நாள், கிள்ளான் லிட்டில் இந்தியாவுல எல்லாருக்கும் வாழ இல சாப்பாடு, என் செலவு" என்றாள்.

"நீங்க போயிட்டு வாங்கம்மா, எனக்கு வேல கெடக்கு" என்றாள் மாரியாயி.

"ஆன்டி வரலன்னா சாப்பாடே இல்ல."

"இந்தக் கோலத்துலயா? கடக்காரன் வாசல்லயே தொரத்திருவான்."

"நம்ம நாலு பேரு நாத்தமும் ஒரே நாத்தம்தான்க்கா, யாரு மேலேருந்து வருதுன்னு கண்டுபிடிக்க முடியாது" என்றார் ரெங்கசாமி.

ரபேல் அப்போது வாய் திறந்தார். "நான் வரல. பழனியப்பன்கிட்ட பம்ப்பைச் சேறும் சகதியுமாவா கொடுக்குறது? கழுவி, தொடச்சு, எண்ணெய் போட்டு வைக்கிறேன். எனக்குப் பொட்டலம் கட்டிட்டு வாங்க. மாரி, நீ போம்மா. போயி ஒக்காந்து, யாராவது பரிமாற, சாப்பிடு. அவசரமே இல்ல, நாலு மணிக்கு வந்தா போதும்."

"நீங்க இங்க ஒத்தையா…"

"நான் பேசுற ஆளு இல்ல, பம்ப்பும் பேசாது. எங்க ரெண்டு பேருக்கும் ஒத்துப்போகும்."

அவள் சிரித்துவிட்டாள். முகம் கழுவி, சேலை மாற்றி வந்து, லோரியில் ஷார்மைனுக்குப் பக்கத்தில் ஏறினாள். எத்தனையோ வாரத்துக்குப் பிறகு கையில் கெண்டி இல்லாமல் அவளைப் பார்க்க விசித்திரமாக இருந்தது. லோரி முனை திரும்பும்வரை ரபேல் பம்ப்பைத் துணியால் துடைத்துக்கொண்டு நின்றார். லோரி மறைந்ததும் துணியைப் போட்டுவிட்டு, வேனை எதிர் வரிசைக்கு எடுத்துப்போனார்.

தண்ணீரில் ஊறி உப்பிப்போன கதவு சரியாக மூடாததால் மாரியாயி அதை ரபியா என்னும் பிளாஸ்டிக் கயிற்றால் கட்டியிருந்தாள். ரபேல் கயிற்றில் கை வைத்துவிட்டுத் தயங்கினார். சொல்லாமல் பிறர் வீட்டுக்குள் போவது அவர் வழக்கமில்லை. தொப்பியைக் கழற்றிக்கொண்டார்.

"ஆண்டவரே, நான் திருட வந்தவன் இல்ல. தண்ணியும் கேக்காமத்தான் வந்துச்சு. அது செஞ்சத நான் எடுத்துட்டுப் போயிடுறேன்" என்றார். முடிச்சு எப்படிப் போட்டிருக்கிறது என்று நன்றாகப் பார்த்துக்கொண்டு அவிழ்த்தார்.

முன் கூடத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தவிர ஒன்றுமில்லை. சுவரில் அவர் நெஞ்சு உயரத்துக்கு வெள்ளத்தின் கோடு. வாசலிலிருந்து அடுப்படிவரை, சேற்றின்மேல் அவள் நடந்து நடந்து ஒற்றையடிப் பாதை ஒன்று விழுந்திருந்தது. அடுப்படியை மட்டும் கழுவியிருந்தாள். அங்கே ஒரு மடக்குக் கட்டில், அடுப்பு, அந்த அலுமினியக் கெண்டி. இத்தனை நாள் தாமான் முழுக்கக் குடித்த டீ இந்த மூலையிலிருந்துதான் வந்தது.

கூடத்துச் சுவரில் ஒரு சாமிப் பலகை இருந்தது. படங்கள் தண்ணீரில் உப்பிக் கறை படிந்திருந்தன. ஆனால் கண்ணாடிகள் துடைக்கப்பட்டிருந்தன. முருகன் படத்துக்கு அன்று காலை பறித்த செம்பருத்தி ஒன்று வைத்திருந்தாள். ரபேல் அதற்கு முன்னால் ஒரு கணம் தலை குனிந்து நின்றார். அந்தப் பலகைக்கு அவர் கை தேவைப்படவில்லை. அதற்குக் கீழே இருந்த தரைக்குத்தான் தேவைப்பட்டது.

பம்ப்பைக் கிளப்பினார்.

பழைய சேறு லேசில் விடாது. முதலில் நனைத்து ஊறவிட வேண்டும். பிறகு மண்வெட்டியால் பெயர்க்க வேண்டும். பிறகு வாரி வெளியே கொட்டி, மறுபடி பீய்ச்ச வேண்டும். மூன்று பேர் செய்யும் வேலை அது. ரபேல் ஒவ்வொரு தள்ளுக்கும் ஒரு 'அருள் நிறைந்த மரியே' ஜெபம் சொன்னார். மூச்சு வாங்கியபோது பாதி மந்திரத்தில் நிறுத்தி, சுவரில் சாய்ந்து நின்று, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். முதுகுப் பட்டை நனைந்து நழுவியது, கழற்றி எறிந்தார். கூடம் முடிந்து, பக்கத்து அறைக்குப் போனார். அங்கே ஒருமுறை மண்டியிட்டவர் எழுந்திருக்க முடியாமல் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். வேறு வழியில்லாததால், மண்டியிட்டபடியே அந்த மூலையைச் சுரண்டி முடித்தார்.

கடைசிச் சேற்றுத் தண்ணீரை வாசல் வழியாகத் துடைப்பத்தால் தள்ளியபோது, அது பழுப்பாகச் சுருண்டு கால்வாய்க்குள் விழுந்தது. ரபேலுக்குத் தியாஷினி நினைவு வந்தாள்.

"போ" என்றார் தண்ணீரிடம், அதட்டலாக. "இனிமே வர்றதா இருந்தா செருப்பக் கழட்டிட்டு வா. மரியாத தெரியாத கழுத."

சொல்லிவிட்டு, யாராவது கேட்டார்களா என்று சுற்றிப் பார்த்தார். வெயிலில் தெரு காலியாகக் கிடந்தது.

சுவர்க் கோடு போகவில்லை. அது போகாது. ஆனால் தரை தெரிந்தது: மெழுகினாற்போல வழுவழுப்பான சிவப்புச் சிமெண்டுத் தரை. இத்தனை நாள் இந்த நிறத்தையே மறைத்துக்கொண்டுதான் சேறு படுத்திருந்தது. ரபேல் வாசலுக்கு வெளியே வந்து பூட்ஸைக் கழற்றினார். காலுறையையும் கழற்றினார். காய்ந்த துணி ஒன்றை எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு உள்ளே போனார். தரை காலுக்குக் குளிர்ச்சியாக இருந்தது. அடுப்படிப் பக்கத்திலிருந்து தொடங்கி, தன் கால் தடத்தையும் துடைத்துக்கொண்டே பின்னோக்கி நகர்ந்து வாசலுக்கு வந்தார்.

பச்சைச் செருப்பை எடுத்தார். வலையைத் துடைத்து, குழாயில் அலசி, எடுத்த இடத்திலேயே வைத்தார். கதவைச் சாத்தி, முன்பு இருந்த மாதிரியே முடிச்சுப் போட்டார்.

லோரி திரும்பி வந்தபோது வேன் பழைய இடத்தில் நின்றது. ரபேல் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு சீட்டில் சாய்ந்திருந்தார். அவருக்கு எதிரே பம்ப் பளபளவென்று இருந்தது.

மாரியாயி இறங்கி வந்து பொட்டலத்தை நீட்டினாள். "நானே சொல்லிக் கட்டுனேண்ணே. நெத்திலி சம்பல் தனியா இருக்கு." பிறகு தெருவோரக் கால்வாயைப் பார்த்தாள். "என்னாண்ணே, லோங்காங் இவ்வளோ தண்ணியா ஓடுது?"

"பம்ப்பைக் கழுவினேன்."

"பம்ப்பைக் கழுவவா, குளிப்பாட்டவா?" என்றார் ரெங்கசாமி. "பாஸ், ஒங்க மூஞ்சியெல்லாம் சேறு. பம்ப் ஒங்களைக் கழுவல போல."

"எங்க ரெண்டு பேருக்கும் ஒத்துப்போகலய்யா, கடைசியில."

ஷார்மைன் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். சாவியை வாங்கிக்கொண்டு ஓட்டுநர் பக்கம் ஏறினாள்.

மாரியாயி வேன் சன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "இனிமே வர மாட்டீங்க, என்னாண்ணே?"

காலையில் கேட்டிருந்தால் ஒரு சொல்லில் பதில் சொல்லியிருப்பார். இப்போது கொஞ்சம் யோசித்தார். உடம்பில் வலிக்காத இடம் இல்லை. ஆனாலும் அந்த "போதும்" என்ற சொல்லைத் தேடினால் வாயில் அகப்படவில்லை.

"பம்ப்தான் போகுது. சுண்ணாம்பு அடிக்கத் தெரிஞ்சவங்க ரெண்டு பேரு கோயில்ல இருக்காங்க. கேட்டுப் பாக்குறேன். வந்தா டீ தருவியா?"

"நல்லா கேட்டீங்க போங்க. கெண்டி இருக்கிற வரைக்கும் டீ இருக்கு."

வேன் நகர்ந்தது. ரபேல் பொட்டலத்தை மடியில் வைத்தபடி கண்ணை மூடிக்கொண்டார். திரும்பிப் பார்க்கக் கூடாது என்று முன்பே முடிவு செய்திருந்தார்.

தெரு முனையில் வண்டியைத் திருப்புவதற்காக ஷார்மைன் வேகத்தைக் குறைத்தாள். பக்கக் கண்ணாடியைப் பார்த்தாள்.

"அங்கிள், மாரியாயி ஆன்டி கதவத் தெறந்துட்டு உள்ள போகாம வாசல்லயே நிக்கிறாங்க."

ரபேல் மடியில் இருந்த பொட்டலத்தைச் சரிசெய்துகொண்டார்.

"ரொம்ப நேரமா கீழயே பாத்துக்கிட்டு நிக்கிறாங்க அங்கிள். ஆ, இப்பச் செருப்பக் கழட்டுறாங்க. அந்தப் பச்சச் செருப்புப் பக்கத்துல வைக்கிறாங்க." அவள் இன்னும் கொஞ்சம் எட்டிப் பார்த்தாள். "அவங்க வீடு எப்பவோ முடிஞ்சிருச்சே, அப்புறம் ஏன் அழுவுறாங்க?"

"சாப்பாட்டுல காரம் அதிகமா இருந்திருக்கும்" என்றார் ரபேல் கண்ணைத் திறக்காமல். "அங்க பாக்காதம்மா. ரோட்டைப் பாத்து ஓட்டு."